கைபடாமல் கழலும் கொக்கி: மாதிரி ரயிலுக்கு ஒரு மின்காந்தம்

மும்பையிலிருந்து புனே வழியாகச் சென்னை செல்லும் வண்டிகளில் பல, கர்ஜத் நிலையத்தில் சில நிமிடங்கள் நிற்கும். ஊருக்குப் போய்வரும் நம்மவர்களுக்குக் கர்ஜத் என்றாலே வடாபாவ்தான் நினைவுக்கு வரும். ஆனால் வண்டி நிற்பது வடாபாவுக்காக அல்ல. அங்கிருந்து லோனாவாலா வரை போர் காட் மலை ஏற்றம். 37 அடி நகர்ந்தால் 1 அடி உயரும் கடுமையான சரிவு. முன்னால் இருக்கும் எஞ்சின் ஒண்டியாக இழுத்துவிட முடியாது. எனவே வண்டியின் வால்பக்கத்தில் 'பாங்கர்' எனப்படும் தள்ளு எஞ்சின்களைச் சேர்க்கிறார்கள். ஏறி முடித்ததும் கழற்றி விடுகிறார்கள்.

சேர்ப்பது, கழற்றுவது. ரயில்வே வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். இவற்றில் சேர்ப்பது எளிது, கழற்றுவதுதான் பாடு. பெரிய ரயிலுக்கு இது எவ்வளவு உண்மையோ, மேஜைமேல் ஓடும் மாதிரி ரயிலுக்கும் அவ்வளவு உண்மை. மாதிரி ரயிலில் கழற்றும் வேலையை ஒரு மின்காந்தத்திடம் ஒப்படைப்பது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். மாதிரி ரயில் வைத்திராதவர்களும் இதைப் படிக்கலாம். பள்ளியில் நாம் எல்லோரும் படித்த மின்காந்தப் பாடத்தில் சொல்லாமல் விட்டுப்போன ஒரு பாதி இதற்குள் இருக்கிறது.

பெரிய ரயிலில் கொக்கி

பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலை 1955-இல் தொடங்கப்பட்டது. அங்கு உருவான பழைய வகைப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றை இணைத்தது திருகுக் கொக்கி. இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஓர் ஆள் குனிந்து நுழைய வேண்டும். கனமான இரும்பு வளையத்தைத் தூக்கி எதிர்ப்பெட்டியின் கொக்கியில் மாட்ட வேண்டும். பிறகு திருகைச் சுற்றி இறுக்க வேண்டும். கழற்றும்போது இதே வேலை தலைகீழாக நடக்கும். தலைக்கு இரு பக்கமும் பஃபர்கள். அந்த நேரத்தில் வண்டி ஓர் அடி நகர்ந்தாலும் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவிலும் பழைய இணைப்பு முறையில் விரலையும் கையையும் உயிரையும் இழந்தவர்கள் ஏராளம். 1873-இல் ஈலை ஜேனி என்பவர் ஒரு புதிய கொக்கிக்குக் காப்புரிமை பெற்றார். நம் இரு கைகளின் விரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று கோத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதுதான் அதன் வடிவம். பெட்டிகள் மெல்ல மோதினாலே போதும், தானாகப் பூட்டிக்கொள்ளும். 1893-இல் தானியங்கிக் கொக்கி கட்டாயம் என்று அந்நாட்டில் சட்டமே வந்தது. நம் நாட்டின் எல்.எச்.பி. பெட்டிகளில் இருப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த நடுக் கொக்கிதான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கொக்கியும் தானாகப் பூட்டிக்கொள்கிறதே தவிர, தானாகக் கழல்வதில்லை. பக்கவாட்டில் நின்று ஒரு நெம்புகோலைத் தூக்க ஓர் ஆள் வேண்டும். ஆளின் உயிருக்கு இருந்த ஆபத்து குறைந்தது. ஆளின் தேவை தீரவில்லை.

மேஜை ரயிலில் அதே சிக்கல்

மாதிரி ரயிலில் பரவலான அளவுகள் இரண்டு. எச்.ஓ. என்பது உண்மை ரயிலில் 87-இல் ஒரு பங்கு. பிரிட்டனில் வழங்கும் ஓ.ஓ. என்பது 76-இல் ஒரு பங்கு. இரண்டுக்கும் தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர்தான். புனேயில் 1998-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஜோஷியின் மினியேச்சர் ரயில்வே மியூசியத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த உலகம் எவ்வளவு விரிவானது என்று தெரியும். வீட்டில் நாம் வைப்பது ஒரு ப்ளைவுட் பலகை, ஒரு வட்டப் பாதை, இரண்டு மூன்று கிளைப் பாதைகள், ஓர் எஞ்சின், நாலைந்து வேகன்கள். அவ்வளவே.

வண்டி வட்டமாகச் சுற்றுவதைக் குழந்தைகள் அரை மணி நேரம் ரசிப்பார்கள். அதற்குப் பிறகு, "வேற என்ன செய்யும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உண்மையான விளையாட்டு ஷண்டிங்கில் இருக்கிறது. இந்த வேகனைச் சரக்குக் கொட்டகையில் விடு, அந்த வேகனை எடுத்துக்கொண்டு வா, எஞ்சினை மறுமுனைக்குக் கொண்டுபோய் மாட்டு. இதற்குச் சதுரங்கத்துக்கு இணையான யோசனை வேண்டியிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் மேலேயிருந்து ஒரு பெரிய கை இறங்கி வேகனைத் தூக்கிப் பிரித்தால் அந்த மாயம் அங்கேயே கலைந்துவிடும். போதாக்குறைக்கு, பக்கத்து வேகன் தடம் புரளும்; கொக்கியும் வளையும்.

கைபடாமல் கழற்ற மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தண்டவாளங்களுக்கு நடுவே மேலெழும் ஒரு சிறு சாய்தளம். அது கொக்கியை அடியிலிருந்து தூக்கிவிடும். இரண்டாவது, பாதைக்கு அடியில் ஒரு நிலைக்காந்தம். செலவில்லை, ஒயர் இல்லை. ஆனால் அது எப்போதும் விழித்திருக்கும். போகிற வண்டி அதன்மேல் சற்றே தயங்கினாலும், கொக்கி தளர்ந்த அந்த நொடியில் வண்டியைப் பிரித்துவிடும். அதை முதன்மைப் பாதையில் வைத்தால் நிம்மதி போய்விடும். மூன்றாவது மின்காந்தம். பட்டனை அழுத்தும்போது மட்டும் அது காந்தம். மற்ற நேரமெல்லாம் வெறும் இரும்பு. எங்கு வேண்டுமானாலும் பதிக்கலாம், பார்வைக்கும் தெரியாது.

கொக்கிக்கு ஒரு வால்

மின்காந்தம் கீழ்நோக்கித்தான் இழுக்கும். கொக்கியோ மேலே எழ வேண்டும். இதற்கு வழி, கிணற்றடி ஏற்றத்தில் இருப்பதுதான். ஒரு பக்கம் கீழே இறங்கினால் மறுபக்கம் மேலே எழும். வேகனின் கொக்கி ஒரு சிறிய அச்சில் ஆடும்படி அமைய வேண்டும். அச்சுக்கு முன்னால் கொக்கி, பின்னால் ஓர் இரும்பு வால். வாலைக் காந்தம் இழுத்தால் கொக்கி எழும். எதிர் வேகனின் குறுக்குக் கம்பியிலிருந்து விடுபடும்.

வாலுக்கு ஏற்ற கம்பி எந்தக் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் கிடக்கும். கான்கிரீட் கம்பிகளை முடிச்சுப் போடும் கட்டுக்கம்பிதான் அது. காய்ச்சி மென்மையாக்கிய இரும்பு. காந்தத்துக்கு உடனே வசப்படும், உடனே விடுபடும். கொக்கிப் பக்கம் வாலைவிட மிகச் சிறிதளவு கனமாக இருக்க வேண்டும். அப்போதுதான் காந்தம் விட்டதும் கொக்கி தானாக விழும். கனம் கூடினால் காந்தத்தால் தூக்க இயலாது. வாலைச் சிறிது சிறிதாக நறுக்கிச் சரிபார்க்க வேண்டியதுதான். இதற்குச் சூத்திரம் கிடையாது.

வேகனின் இரு முனைகளிலும் கொக்கி வைத்தால் சந்திப்பில் இரண்டு கொக்கிகளும் ஒரே நேரத்தில் எழ வேண்டியிருக்கும். இது பல சமயம் நடக்காது. ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் வெறும் குறுக்குக் கம்பி என்று வைப்பது நல்லது. அப்படி வைத்தால் எல்லா வேகன்களும் எப்போதும் ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

அமெரிக்காவின் காடி நிறுவன வகைக் கொக்கி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் அடியில் தொங்கும் எஃகு ஊசிகள் கீழே இழுபடுவதில்லை. பக்கவாட்டில், தண்டவாளங்களை நோக்கி விலகுகின்றன. அதற்குக் காந்த முனைகள் பாதையின் இரு ஓரங்களிலும் இருக்க வேண்டும். நடுவில் ஒரே முனை கொண்ட, இங்கே சொல்லப்படும் அமைப்பு அதற்குப் பொருந்தாது.

மின்காந்தம் பிறந்த கதை

1820-இல் டென்மார்க்கின் ஓர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில், இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் ஓர் இரும்பு லாடத்துக்கு வார்னிஷ் பூசி, அதன்மேல் வெறும் செம்புக் கம்பியைச் சுற்றி மின்காந்தம் செய்தார். சுமார் 200 கிராம் இரும்பு 4 கிலோ எடையைத் தூக்கியது. கம்பிக்கு உறை இல்லாததால் ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொடக் கூடாது. ஆகவே சில சுற்றுகளுக்கு மேல் போட முடியவில்லை.

அமெரிக்காவின் ஜோசஃப் ஹென்றி கம்பிக்கே பட்டுத் துணியைச் சுற்றி உறையிட்டார். அதன்பின் அடுக்கடுக்காக எத்தனை சுற்று வேண்டுமானாலும் போடலாம் என்று ஆயிற்று. 1831-இல் அவர் யேல் கல்லூரிக்குச் செய்து கொடுத்த காந்தம் 900 கிலோவுக்கும் அதிகமான எடையைத் தாங்கியது. இதைவிட முக்கியமான ஒன்றையும் ஹென்றி கண்டார். எல்லா பாட்டரிக்கும் ஒரே மாதிரிச் சுற்றினால் சரிவராது. ஒற்றைப் பெரிய மின்கலம் என்றால் குட்டையான பல சுருள்கள். வரிசையாக இணைத்த பல மின்கலங்கள் என்றால் நீளமான ஒரே சுருள். சுருளும் மின்சாரமும் ஒன்றுக்கொன்று ஏற்ற ஜோடியாக அமைய வேண்டும். இந்தப் பாதிதான் நம் பாடப்புத்தகத்தில் விட்டுப்போனது.

பாடப்புத்தகத்தில் விட்டுப்போன பாதி

"சுத்து ஜாஸ்தியா போட்டா பவர் ஜாஸ்தியாகும்தானே சார்?" என்று எந்த மாணவனும் கேட்பான். சுற்றுகளின் எண்ணிக்கை கூடினால் காந்தத்தின் வலிமை கூடும் என்று அவன் படித்திருக்கிறான். அது தவறல்ல. ஆனால் 'மின்னோட்டம் மாறாமல் இருந்தால்' என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருக்கிறது. நம் வீட்டு அடாப்டர் தருவது மாறாத மின்னோட்டம் அல்ல. மாறாத 12 வோல்ட்.

மின்காந்தத்தின் வலிமையை ஆம்பியர்-சுற்று என்ற அளவால் குறிக்கிறோம். சுற்றுகளின் எண்ணிக்கையை ஆம்பியரால் பெருக்கினால் வருவது அது. இப்போது 12 வோல்ட்டில் வேலை செய்யும் ஒரு சுருளில் சுற்றுகளை இரட்டிப்பாக்குவோம். கம்பியின் நீளம் இரட்டிக்கிறது, தடை இரட்டிக்கிறது, ஓம் விதிப்படி ஆம்பியர் பாதியாகிறது. சுற்று இரண்டு மடங்கு, ஆம்பியர் அரை மடங்கு. பெருக்கினால் பழைய எண்ணே வருகிறது! அதாவது, அதே கம்பி, அதே வோல்ட் என்றால், சுற்றைக் கூட்டினால் இழுவிசை கூடாது.

பிறகு எது கூடுகிறது? குளிர்ச்சி. மின்னோட்டம் பாதியானதால் சுருளில் உண்டாகும் வெப்பமும் பாதியாகிறது. அந்தப் பாதி வெப்பமும் இரண்டு மடங்கு செம்பில் பரவுகிறது. இழுவிசையைக் கூட்ட வேண்டுமானால் கம்பி தடிமனாக வேண்டும், அல்லது வோல்ட் கூட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் விசைக்குத் தடிமன், குளிர்ச்சிக்குச் சுற்று. இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் போதும். மீதி எல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

மூன்று சுருள்கள், ஒரு கணக்கு

8 மில்லிமீட்டர் போல்ட். அதன்மேல் காகிதம் சுற்றியதும் விட்டம் 9 மில்லிமீட்டர். சுற்றும் நீளம் 40 மில்லிமீட்டர். மின்சாரம் 12 வோல்ட் டி.சி. இவற்றை மாற்றாமல் மூன்று சுருள்களைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதல் சுருள்: 30-ஆம் நம்பர் எனாமல் கம்பி, 8 அடுக்கு, 800 சுற்று. கம்பி 30 மீட்டர், தடை 6.6 ஓம், மின்னோட்டம் 1.8 ஆம்பியர். ஆம்பியர்-சுற்று 1,440. வெப்பம் 22 வாட். சுருளில் உள்ள செம்பு வெறும் 21 கிராம். 21 கிராம் செம்பில் 22 வாட் இறங்கினால், அது நொடிக்கு 2.7 டிகிரி வீதம் சூடேறும். 10 நொடியில் 27 டிகிரி. 40 நொடியில் 100 டிகிரிக்கும் மேல். அறையின் 30 டிகிரியையும் சேர்த்தால், எனாமல் தாங்கும் எல்லையை, அதாவது வகையைப் பொறுத்து 130 முதல் 155 டிகிரியை, நெருங்கிவிடுகிறோம். ஒரு குழந்தை பட்டனை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் சுருளின் கதை முடிந்தது.

இரண்டாம் சுருள்: அதே கம்பி, 16 அடுக்கு, 1,600 சுற்று. கம்பி 73 மீட்டர், தடை 16.2 ஓம், மின்னோட்டம் 0.74 ஆம்பியர், வெப்பம் 8.9 வாட். சூடேறும் வேகம் நொடிக்கு 0.45 டிகிரி, முன்னதில் ஆறில் ஒரு பங்கு. ஆம்பியர்-சுற்று மட்டும் 1,180 ஆகக் குறைந்துவிட்டது. வெளி அடுக்குகளில் ஒவ்வொரு சுற்றும் பெரிய வட்டமாவதால், சுற்று இரட்டித்தபோது கம்பியின் நீளம் இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. அதுதான் காரணம். இழுவிசை ஆம்பியர்-சுற்றின் வர்க்கத்தை ஒட்டி மாறுவதால், விசையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழக்கிறோம்.

மூன்றாம் சுருள்: 28-ஆம் நம்பர் கம்பி, 16 அடுக்கு, 1,400 சுற்று. கம்பி 69 மீட்டர், தடை 10.7 ஓம், மின்னோட்டம் 1.12 ஆம்பியர். ஆம்பியர்-சுற்று 1,570. வெப்பம் 13.5 வாட்; ஆனால் செம்பு 70 கிராமை ஒட்டி இருப்பதால் சூடேறும் வேகம் நொடிக்கு அரை டிகிரிதான். முதல் சுருளைவிட அதிக விசை. ஏறக்குறைய இரண்டாவதன் குளிர்ச்சி. இதற்கு நாம் கொடுத்த விலை கூடுதல் செம்பு. இந்த மூன்றாவதைத்தான் செய்யப் போகிறோம்.

வெளிக்காற்றுக்குப் போகும் வெப்பத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எனவே உண்மையில் சூடு இதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே ஏறும். கழற்றுவதற்குத் தேவை மூன்று நொடி அழுத்தம். ஏறுவது ஒன்றரை டிகிரி. கவலையே இல்லை.

செய்முறை

தேவையானவை: 8 மில்லிமீட்டர் தடிமனும் 50 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட போல்ட், 28-ஆம் நம்பர் எனாமல் செம்புக் கம்பி 100 கிராம், காலாவதியான இரண்டு ஏ.டி.எம். கார்டுகள், 12 வோல்ட் 2 ஆம்பியர் டி.சி. அடாப்டர், காலிங் பெல் ஸ்விட்ச், 1என்4007 டையோடு. மும்பைவாசிகளுக்கு லோஹார் சாலும் லாமிங்டன் ரோடும் இருக்கின்றன. கடையில் "அட்டாயீஸ் நம்பர் வைண்டிங் வயர்" என்று கேட்டால் எடைபோட்டுத் தருவார்கள்.

போல்ட் மென்மையான சாதாரண இரும்பாக இருக்க வேண்டும். தலையில் 8.8 அல்லது 10.9 என்று எண் பொறித்த போல்ட் வேண்டாம். அது கடினப்படுத்திய எஃகு; மின்சாரம் நின்ற பிறகும் கொஞ்சம் காந்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அப்புறம் கொக்கியின் வால் விடுபடாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட்டில் பெரும்பாலானவை காந்தத்துக்கு மசியவே மசியாது. துத்தநாகப் பூச்சில்லாத கறுப்பு போல்ட்டாக வாங்கி, கரி அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆறவிட்டால் ஏறக்குறைய தேனிரும்பு போல ஆகிவிடும். பூச்சுள்ள போல்ட்டைக் காய்ச்சக் கூடாது. துத்தநாகப் புகை உடம்புக்கு ஆகாது.

ஏ.டி.எம். கார்டிலிருந்து 28 மில்லிமீட்டர் விட்டத்தில் இரண்டு வட்டுகள் வெட்டி, நடுவே துளையிட்டு போல்ட்டில் கோக்கவும். போல்ட்டின் தலை கீழ்ப்பக்கம், முனை மேல்பக்கம். ஒரு வட்டு தலையை ஒட்டியும், மற்றது 40 மில்லிமீட்டர் தள்ளியும் இருக்கட்டும். இடைப்பட்ட மரையின்மேல் தடித்த காகிதத்தை இரண்டு சுற்று ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் மரையின் கூர்மை எனாமலைச் சுரண்டிவிடும்.

கைத் துளைப்பானை மேஜை ஓரத்தில் பிடிக்கருவியால் இறுக்கி, அதன் வாயில் போல்ட்டைப் பொருத்திச் சுற்றலாம். கைப்பிடி ஒருமுறை சுற்றும்போது வாய் எத்தனை முறை சுற்றுகிறது என்று முதலில் எண்ணிக்கொள்ளவும். ஓர் அடுக்குக்கு 87 அல்லது 88 சுற்று வரும். இரண்டு மூன்று அடுக்குக்கு ஒருமுறை மெல்லிய காகிதம் ஒரு சுற்று வைத்தால் அடுக்குகள் சரியாமல் படியும். பொறுமை இல்லாதவர்கள் ஃபேன், மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடையில் கொடுத்தால், எண்ணிக்கை காட்டும் கருவியில் பத்து நிமிடத்தில் சுற்றித் தருவார்கள். ஆனால் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து 1,400 வரை எண்ணிச் சுற்றுவதில் ஒரு சுகம் இருக்கிறது.

இரு முனைகளிலும் எனாமலை உப்புத்தாளால் சுரண்டி, மென்மையான ஒயரைப் பற்றவைத்து, உறை மாட்டவும். பிறகு மல்டிமீட்டர் சோதனை. 10 முதல் 11 ஓம் காட்டினால் சுருள் நலம். ஒன்றுமே காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. எண் வெகுவாகக் குறைந்தால், சுற்றுகள் உள்ளுக்குள் ஒன்றையொன்று தொடுகின்றன. கம்பிக்கும் போல்ட்டுக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது.

பாதையில் பதித்தல்

காந்தத்தின் இழுவிசை, இடைவெளி கூடக் கூட மளமளவென்று சரியும். ஒரு மில்லிமீட்டர்கூட இங்கே பெரிய தூரம்தான். பலர் சுருளைப் பலகைக்கு அடியில் தொங்கவிட்டு, நீளமான போல்ட் முனையை மட்டும் மேலே நீட்டுகிறார்கள். பாதி விசை வழியிலேயே வீணாகிவிடுகிறது. பலகையில் 30 மில்லிமீட்டர் துளையிட்டு, சுருளையே துளைக்குள் ஏற்றி, மேல் வட்டு ஸ்லீப்பர்களை அடியில் தொடும்படி நிறுத்த வேண்டும். கீழே ஒரு மரப்பட்டியைக் குறுக்கே திருகி முடுக்கினால் அசையாது.

அந்த இடத்தில் ஸ்லீப்பர்களின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி போல்ட் முனைக்கு வழிவிடவும். முனையைத் தட்டையாக அராவி, தண்டவாளத் தலைமட்டத்துக்குக் குறைந்தது 1 மில்லிமீட்டர் கீழே நிற்கும்படி வைக்கவும். 16.5 மில்லிமீட்டர் இடைவெளியின் நடுவே 8 மில்லிமீட்டர் போல்ட் நின்றால் இருபுறமும் 4 மில்லிமீட்டர் மிஞ்சும். சக்கரங்கள் தாராளமாகப் போகும். போல்ட்டின் தலையை மேல்பக்கம் வைத்தால் இந்த இடம் போய்விடும். அறுகோணத்தின் மூலைகள் தண்டவாளத்தைத் தொட்டுப் பாதையையே குறுக்கு மின்சுற்று ஆக்கிவிடக்கூடும்.

தெர்மோகோல் பலகையில் பாதை அமைத்திருப்பவர்கள், சுருள் தெர்மோகோலைத் தொடாதபடி நடுவே மரத்தையோ ஃபைபரையோ வைப்பது அவசியம். சூடு பட்டால் அது இளகும், தீயும் பிடிக்கும்.

மின்சாரமும் ஸ்விட்சும்

ரயிலை ஓட்டும் கன்ட்ரோலரிலிருந்தே சுருளுக்கும் மின்சாரம் எடுத்தால், பட்டனை அழுத்தும் போதெல்லாம் எஞ்சின் தயங்கும். தனி அடாப்டர் வைப்பதே நல்லது. ஏ.சி. மின்சாரம் வேண்டாம். திண்மமான இரும்பில் அது சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கி இரும்பையே சூடாக்கும், ரீங்காரமும் கேட்கும். வீட்டின் 230 வோல்ட்டை எந்த நிலையிலும் சுருளின் அருகில்கூடக் கொண்டுவரக் கூடாது. அடாப்டர் தரமானதாக, முத்திரை உள்ளதாக இருக்கட்டும்.

ஸ்விட்ச் விஷயத்தில் சமரசமே கூடாது. விளக்குக்குப் போடும் சாதாரண ஸ்விட்ச் வேண்டாம்; போட்டுவிட்டு மறந்துபோவது மனித இயல்பு. மூன்றாம் சுருளும் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் விடாமல் எரிந்தால் எனாமலின் எல்லையை நெருங்கும். காலிங் பெல் ஸ்விட்ச் விரலை எடுத்ததும் தானே விட்டுவிடும். அந்தக் குணம்தான் நமக்குக் காவல். கூடவே, சுருளுக்கு இணையாக 1,000 ஓம் தடையுடன் ஒரு சிறு எல்.இ.டி. விளக்கை வைத்தால், ஸ்விட்ச் எங்காவது சிக்கி நின்றாலும் வெளிச்சம் காட்டிக் கொடுத்துவிடும்.

மின்சாரத்தைத் துண்டிக்கும் கணத்தில் சுருளுக்குள் இருந்த காந்தப்புலம் சரிந்து, எதிர்த்திசையில் பெரிய மின்னழுத்தத்தை உண்டாக்கும். ஸ்விட்சின் தொடுமுனையில் பொறி பறக்கும். நாளடைவில் முனை கருகும். டையோடைச் சுருளின் குறுக்கே, வெள்ளைக் கோடுள்ள பக்கம் பாசிட்டிவை நோக்கும்படி இணைத்துவிட்டால் அந்தச் சக்தி சுருளுக்குள்ளேயே சுற்றி அடங்கிவிடும். திருப்பி இணைத்தால் டையோடு அடாப்டரையே குறுக்குச் சுற்றாக்கும். ஒருமுறைக்கு இருமுறை பார்த்து இணைக்கவும்.

ஓட்டிப் பார்ப்போம்

எஞ்சின் வேகன்களை இழுத்துக்கொண்டு வருகிறது. பிரிய வேண்டிய இடத்தின் வால் காந்தத்துக்கு நேர்மேலே வந்ததும் நிறுத்துங்கள். இப்போது பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கொக்கி இழுபட்ட நிலையில் இறுகி நிற்கிறது. உராய்வு அதை விடாது. எஞ்சினை ஒரு மயிரிழை பின்னால் தள்ளுங்கள். கொக்கி தளரும். பட்டனை அழுத்துங்கள், வால் இறங்கும், கொக்கி எழும். அழுத்தியபடியே எஞ்சினை மெல்ல முன்னால் நகர்த்தி, பிறகு விரலை எடுங்கள். வேகன் நிற்கிறது, எஞ்சின் போகிறது!

ஒருவேளை நடக்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. வால் காந்த முனையிலிருந்து மிக உயரத்தில் இருக்கிறது. அல்லது கொக்கியின் அச்சு இறுகி இருக்கிறது. அல்லது வால் சரியான இடத்தில் நிற்கவில்லை. சுருளைக் குறைசொல்வதற்கு முன் இவற்றைப் பாருங்கள். "இன்னும் கொஞ்சம் சுத்திப் பார்க்கலாமா?" என்ற ஆசை வரும். கணக்கைப் பார்த்தோமே, அதனால் பயன் இல்லை.

வேகன் காந்தத்தின் மேல் வரும்போது தானாக இழுபட்டு நின்றால், அதன் சக்கர அச்சுகள் எஃகு என்று பொருள். பித்தளை அச்சு உள்ள சக்கரங்களாக மாற்றினால் சரியாகிவிடும்.

முடிவாக

இதில் செலவாவது 70 கிராம் செம்பும் ஒரு போல்ட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும். கிடைப்பது ஒரு பொம்மைக் கருவி மட்டுமல்ல. ஓம் விதியைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளை, ஒரே பாட்டரிக்கு இரண்டு மடங்கு சுற்று போட்டும் ஏன் விசை கூடவில்லை என்று தன் கையால் தொட்டு அறிகிறது. சூடு எங்கே குறைந்தது என்று விரலால் உணர்கிறது. அப்படி அறிந்ததை அது மறக்காது.

நம் குடியிருப்புகளில் பரண்மேல் தூசி படிந்த ரயில் செட்டுகள் நிச்சயம் சில இருக்கும். வெளிநாட்டிலிருந்து யாரோ பரிசாகக் கொண்டுவந்து, ஒரு மாதம் வட்டமாகச் சுற்றிவிட்டு உறங்கப் போனவை. அவற்றைக் கீழே இறக்குங்கள். வட்டப் பாதையோடு ஒரு கிளைப் பாதையும், அதன் நடுவில் ஒரு மின்காந்தமும் சேர்த்துப் பாருங்கள். அடுத்த முறை கர்ஜத்தில் வண்டி நிற்கும்போது, வடாபாவ் வாங்கிக்கொண்டு வால்பக்கம் வரை ஒரு நடை போய்ப் பார்க்கலாம் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளே உங்களை இழுப்பார்கள்.